வண்டி வந்துவிட்டது, அவள் வரவில்லை: ‘அலைபாயுதே’யின் தொடக்கமும் தாம்பரம் தடமும்

குரோம்பேட்டை ரயில் நிலையத்தின் ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம், மாலை ஏழு மணி வாக்கில், பைக்குகள் நிற்கும். பூட்டிவிட்டுப் போன பைக்குகளைச் சொல்லவில்லை, மேலே ஆள் உட்கார்ந்திருக்கும் பைக்குகள். இன்ஜின் அணைந்திருக்கும். ஒரு கால் தரையில் ஊன்றியிருக்கும். கண்ணாடியில் இன்னொரு ஹெல்மெட் தொங்கும். கடற்கரையிலிருந்து வரும் வண்டி உள்ளே நுழைந்ததும் அத்தனை தலைகளும் ஒன்றாகப் படிக்கட்டுப் பக்கம் திரும்பும். கூட்டம் இறங்கி வழியும். பைக்குகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போகும். ஒன்று மட்டும் நிற்கும். அந்த ஆள் செல்போனைப் பார்ப்பார், படிக்கட்டைப் பார்ப்பார், அடுத்த வண்டிக்கு எத்தனை நிமிடம் என்று மனசுக்குள் கணக்குப் போடுவார்.

2000 ஏப்ரல் 14 அன்று, தமிழ்ப் புத்தாண்டையொட்டி வெளியான ‘அலைபாயுதே’ இந்த ஆளின் நிலையிலிருந்துதான் தொடங்குகிறது. கார்த்திக் பைக்கில் பாடிக்கொண்டு வருகிறான். மனைவி சக்தியை அழைத்துப் போக ரயில் நிலையத்துக்கு வந்து சேர்கிறான். வண்டி வருகிறது. அவள் வரவில்லை. சில நிமிடங்களில் முடிந்துவிடும் இந்தத் தொடக்கத்தைத் தமிழ் ரசிகர்கள் பெரும்பாலும் ‘மாதவனின் அறிமுகப் பாட்டு’ என்றுதான் நினைவில் வைத்திருக்கிறார்கள். மணிரத்னம், ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம், படத்தொகுப்பாளர் ஸ்ரீகர் பிரசாத், இசையமைப்பாளர் ஏ.ஆர். ரஹ்மான் ஆகிய நால்வரும் அதற்குள் செய்திருக்கும் வேலை அறிமுகத்தைவிடப் பெரியது. காதல் நகைச்சுவை என்ற வகைமையின் முடிவுக் காட்சியை எடுத்து முதலில் வைத்து, அதில் பாதியை மறைத்துவிடுகிறார்கள். மறைத்த பாதியைத் தேடுவதுதான் மீதிப் படம்.

ஜோடியோடு தொடங்குவது

ஒப்பிட்டுப் பார்க்க ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) நல்ல இடம். தமிழில் முழுநீள நகைச்சுவைக் காதல் படம் என்றால் இன்றைக்கும் முதலில் வாயில் வரும் பெயர் அது. அதை உருவாக்கிய ஸ்ரீதரும் சித்ராலயா கோபுவும் தாம்பரத்துக்குத் தெற்கே செங்கல்பட்டில் ஒன்றாகப் படித்த நண்பர்கள். படத்தின் தொடக்கத்திலேயே முத்துராமனும் காஞ்சனாவும் மெரினாவில் பாடுகிறார்கள். கடற்கரை, கார், ஈஸ்ட்மென் வண்ணம். ஏ. வின்சென்ட்டின் கேமரா இருவரையும் ஒரே சட்டகத்துக்குள் நிறுத்துகிறது. யாருக்கு யார் என்பது பார்வையாளருக்கு முதல் ரீலிலேயே தெரிந்துவிடுகிறது. இனி வரப்போவது தடங்கல்கள்தான். பாலையாவின் சின்னமலை எஸ்டேட்டும், ஆள்மாறாட்டமும், நாகேஷின் ‘ஓஹோ புரொடக்ஷன்ஸ்’ம் அந்தத் தடங்கல்களை வேடிக்கையாக்கும் ஏற்பாடுகள்.

காதல் நகைச்சுவையின் தொடக்கக் காட்சி பார்வையாளரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம் இதுதான்: இவர்கள் சேருவார்கள், எப்படி என்பதை மட்டும் பாருங்கள். ஒப்பந்தம் செல்லுபடியாக இருவரும் கண்ணில் பட வேண்டும். ஒரே சட்டகத்தில் வரலாம், அடுத்தடுத்த ஷாட்டுகளிலும் வரலாம். ‘அலைபாயுதே’ அந்த ஒப்பந்தத்தில் ஒரே ஒரு கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு படத்தைத் தொடங்கிவிடுகிறது.

ஓடும் கேமரா, நிற்கும் மனிதன்

பாட்டு முழுக்க அசைவு. பைக் ஓடுகிறது, சாலை ஓடுகிறது, கேமராவும் அவனோடு ஓடுகிறது. மாதவன் அப்போது தமிழ்த் திரைக்குப் புதுமுகம். எந்த நட்சத்திர பிம்பமும் அவருக்கு முன்னால் வந்து நிற்கவில்லை. கட்அவுட் பாணி அறிமுகத்துக்குரிய கீழ்க்கோணங்களும் கூட்டத்தின் ஆரவாரமும் இங்கே தேவைப்படவில்லை. மனைவியை அழைத்துவரச் சந்தோஷமாகப் போகிற ஒருவன், அவ்வளவுதான்.

இந்தப் பாட்டில் ஜோடி கிடையாது. தமிழ்ப் படத்தில் காதல் பாட்டு என்றால் இருவர் பாடுவது, அல்லது ஒருவர் இன்னொருவரைப் பார்த்துப் பாடுவது. பாடப்படுகிறவள் கற்பனையிலாவது வந்து போவாள். இங்கே அவன் தனியாகப் பாடுகிறான். அவள் இல்லாததைக் குறையாக நாம் உணருவதில்லை, ஏனென்றால் அவளிடம்தான் அவன் போய்க்கொண்டிருக்கிறான். பாட்டின் வேகமே அவள் இருப்பதற்குச் சாட்சியாகிவிடுகிறது. ஸ்ரீராமும் ஸ்ரீகர் பிரசாத்தும் அசைவை அசைவோடு கோத்துக் கோத்து நம்மை ஒரு திசையில் தள்ளிவிடுகிறார்கள். எதை நோக்கி என்று கேட்கத் தோன்றுவதில்லை.

பிறகு நிலையம். ஓடிக்கொண்டிருந்தவன் நிற்கிறான், ரயில் ஓடுகிறது. பாட்டில் அசைவு அவன் கையில் இருந்தது. நிலையத்தில் அது ரயிலின் கையில் இருக்கிறது. கால அட்டவணைக்குக் கட்டுப்பட்ட இயந்திரத்தின் முன்னால் அவன் வெறும் பார்வையாளன், நம்மைப் போல. திரைமொழியில் இதற்குப் பெரிய வித்தை எதுவும் வேண்டியதில்லை. பாட்டுக்காட்சியின் ஓட்டத்துக்குப் பழகிவிட்ட கண்ணை ஒரே இடத்தில் நிறுத்தி வைத்தால் போதும், உடம்பு தானாகப் பதறும். அடுத்து என்ன என்ற பதைப்பை வசனம் சொல்வதற்கு முன்பே தாளம் சொல்லிவிடுகிறது.

புறநகர் ரயில் இங்கே வெறும் பின்னணியாக நின்றுவிடவில்லை. வெளியூர் ரயிலில் வருகிறவர் வரவில்லை என்றால் அது ஒரே ஒரு அடிதான்: வரவில்லை, முடிந்தது. மின்ரயிலில் அப்படி இல்லை. இந்த வண்டியில் இல்லையா, அடுத்ததில் இருப்பாள். அதிலும் இல்லையா, அதற்கடுத்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நம்பிக்கை வந்து, கதவுகளைத் திறந்து காட்டிவிட்டு, போய்விடுகிறது. சீசன் டிக்கெட் எடுத்து வேலைக்குப் போகிறவர்களின் வீடுகளில் இந்தக் கணக்கு எல்லோருக்கும் அத்துப்படி. ஒரு வண்டி தாமதம் என்றால் சகஜம், இரண்டு என்றால் கோபம், மூன்று என்றால் பயம். இந்தப் படிநிலையைத் திரைக்கதை புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. தென்சென்னைப் புறநகரின் வாழ்க்கை அதை ஏற்கெனவே பழக்கி வைத்திருந்தது.

1931-இல் போட்ட மேடை

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். ஏறத்தாழ 30 கிலோமீட்டர், இன்றைய கணக்கில் 18 நிலையங்கள். தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல் என்று தென்புறத்து ஊர்கள் இந்தக் கம்பித்தடத்தைப் பிடித்துக்கொண்டுதான் வளர்ந்தன. நகரத்தில் வாடகை கட்டுப்படியாகாத குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் ரயில்வே ஊழியர்களும் ‘ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்’ என்ற அளவுகோலை வைத்து மனை வாங்கினார்கள். ‘அலைபாயுதே’ வந்தபோது இந்தத் தடத்தில் மீட்டர்கேஜ் மின்ரயில்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. 2004 ஜூலையில்தான் அவை முழுவதும் நின்றன. தண்டவாளங்களுக்கு இடையே 1,676 மில்லிமீட்டர் அகலமுள்ள பிராட்கேஜோடு ஒப்பிட்டால் 1,000 மில்லிமீட்டர் மீட்டர்கேஜின் பெட்டிகள் ஒடுக்கமானவை. எதிர் இருக்கையின் முழங்கால்கள் இடிக்கும் தூரத்தில் இருக்கும்.

காதல் நகைச்சுவைக்குத் தற்செயல் சந்திப்பு வேண்டும். ஆனால் ஒரு தற்செயலை இரண்டு முறை காட்டினால் நம்ப முடியாது, மூன்றாவது முறை சிரிப்பு வரும். புறநகர் ரயில் இந்தச் சிக்கலை எளிதாகத் தீர்க்கிறது. அங்கே ஒரே முகத்தைத் தினமும் பார்ப்பதுதான் இயல்பு. 8.10 வண்டியில், முன்னாலிருந்து மூன்றாவது பெட்டியில், ஜன்னலோரம் யார் உட்காருவார் என்பது தினமும் போகிறவர்களுக்குத் தெரியும். கார்த்திக் சக்தியை முதலில் ஒரு கிராமத்துக் கல்யாணத்தில் பார்க்கிறான். அது தற்செயல். பிறகு அவளை நகரத்தின் மின்ரயிலில் பார்க்கிறான். அங்கிருந்து தற்செயல் வழக்கமாக மாறுகிறது. காதல் வளர்வதற்கு வேறு சாக்கு தேவைப்படவில்லை.

தடத்தின் அமைப்பே சட்டகம் போட்டுக் கொடுக்கும். இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்துத் தடங்களில் ஒரே வேகத்தில் சில விநாடிகள் போகும்போது எதிர்ப்பெட்டியின் ஜன்னல் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். கம்பிகளுக்குப் பின்னால் ஒரு முகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பிறகு ஒரு வண்டி வேகமெடுக்கும், முகம் பின்னால் நழுவும். ட்ராலி போட்டு எடுக்கும் ஷாட்டைத் தாம்பரம் பயணி தினமும் இலவசமாகப் பார்க்கிறார்.

மணிரத்னம் உள்ளிட்ட அதே நால்வர் 15 ஆண்டுகள் கழித்து ‘ஓ காதல் கண்மணி’யில் (2015) ரயில் நிலையத்துக்குத் திரும்பினார்கள். ஊர் மும்பை. ரயிலில் வந்து இறங்கும் ஆதி, எதிர் நடைமேடையில் தாராவைப் பார்க்கிறான். தண்டவாளத்தில் குதித்துவிடுவேன் என்று அவள் மிரட்டிக்கொண்டிருக்கிறாள். இருவருக்கும் நடுவே ஒரு ரயில் குறுக்கிடுகிறது. அது கடந்து போனதும் அவளைக் காணோம். ரயிலையே திரைச்சீலையாக இழுத்துவிட்ட காட்சி அது. மேசையில் செய்ய வேண்டிய வெட்டைத் தண்டவாளமே செய்துவிடுகிறது. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று விளங்கும்: இந்த இயக்குநருக்கு ரயில் நிலையம் ஒருத்தி வந்து சேரும் இடம் மட்டும் இல்லை, காணாமல் போகிற இடமும்கூட. ‘அலைபாயுதே’யின் இந்தி வடிவமான ‘சாத்தியா’வும் (2002) பைக், பாட்டு, காத்திருப்பு என்ற அதே தொடக்கத்தோடு மும்பைக்குப் போனது. மின்ரயிலை நம்பி வாழும் நகரமாக இருந்ததால்தான் அது அங்கே ஒட்டியது.

தலைகீழான முல்லை

மேலைநாட்டு விமர்சனத்தில் இப்படிப்பட்ட படங்களுக்கு ஒரு பெயர் உண்டு. அமெரிக்கத் தத்துவவாதி ஸ்டான்லி கேவல் 1981-இல் வெளியிட்ட நூலில், 1930, 40-களின் சில ஹாலிவுட் நகைச்சுவைகளை ‘மறுமணத்தின் நகைச்சுவை’ என்று வகைப்படுத்தினார். இளம் ஜோடி சேருவது அங்கே கேள்வி இல்லை. ஏற்கெனவே சேர்ந்து முறிந்தவர்கள் மறுபடி சேர முடியுமா என்பதே கேள்வி. அந்த வகையின் புகழ்பெற்ற தொடக்கம் ஜார்ஜ் குக்கரின் ‘தி பிலடெல்பியா ஸ்டோரி’யில் (1940) இருக்கிறது. கேரி கிராண்ட் பெட்டியோடு வீட்டை விட்டு வெளியேறுகிறார். காதரின் ஹெப்பர்ன் அவருடைய கோல்ஃப் மட்டைப் பையைக் கொண்டுவந்து போட்டு, ஒரு மட்டையை முழங்காலில் வைத்து முறிக்கிறார். கிராண்ட் குத்துவதுபோல் கையை ஓங்கி, பிறகு விரித்த உள்ளங்கையால் ஹெப்பர்னின் முகத்தைப் பிடித்துத் தள்ளுகிறார். வசனம் ஒன்றுமில்லை. ஒரு திருமணம் எப்படி முடிந்தது என்பது ஒரு நிமிடத்துக்குள் தெரிந்துவிடுகிறது.

‘அலைபாயுதே’யும் கல்யாணத்துக்குப் பிறகான கதைதான். வீட்டுக்குத் தெரியாமல் தாலி கட்டிக்கொண்டு, கட்டி முடிக்காத ஒரு கட்டடத்தில் குடித்தனம் போட்டு, பேச்சு முற்றி, சந்தேகம் வளர்ந்து, முறிவின் விளிம்புக்கு வந்த ஜோடி. ஆனால் மணிரத்னம் முறிவைக் காட்டித் தொடங்கவில்லை. முறிவு ஆறிவிட்ட கணத்தைக் காட்டித் தொடங்குகிறார். இதற்கு நெருக்கமான மாதிரியை ஹாலிவுட்டில் தேடுவதைவிட நம் அகமரபில் தேடலாம்.

முல்லைத்திணையின் உரிப்பொருள் இருத்தல். கார்காலத்து மாலையில் தலைவி வீட்டில் காத்திருப்பாள். வினை முடித்த தலைவன் தேரில் திரும்பிக்கொண்டிருப்பான். விரைந்து ஓட்டு என்று பாகனிடம் அவன் சொல்லும் பாடல்கள் அகநூல்களில் நிறைய உண்டு. நப்பூதனாரின் முல்லைப்பாட்டு 103 அடிகளில் இதை ஒரு படத்தொகுப்பு போலவே செய்கிறது. முதலில் காத்திருக்கும் பெண், அடுத்து தொலைவில் பாசறை, மறுபடி பெண், கடைசியில் தேர்க்குதிரைகளின் ஆரவாரம் அவள் காதில் விழுகிறது. சந்திப்பைக் காட்டாமல் ஓசையோடு நிறுத்திவிடுகிறார் புலவர். அவன் வந்துவிட்டான் என்று தெரிந்த பிறகு காட்டுவதற்கு என்ன இருக்கிறது?

கார்த்திக்கின் பைக் பாட்டை இந்த மரபில் வைத்துப் பாருங்கள். வினை முடித்துத் திரும்பும் தலைவன், விரையும் வாகனம், சந்திப்பைப் பற்றிய பூரிப்பு எல்லாம் அச்சுப் பிசகாமல் இருக்கின்றன. ஆனால் அவன் போய்ச் சேரும் இடத்தில் காத்திருக்க வேண்டியவள் இல்லை. அவளும் வேலைக்குப் போய்த் திரும்புகிறவள், டாக்டர். வினையும் மீட்சியும் இப்போது இருவருக்கும் உண்டு. ஆகவே இருத்தல் அவன் பங்குக்கு வருகிறது. வாகனத்தில் வந்தவனே வாசலில் காத்திருக்கிறான். ஓசை கேட்கிறது, ஆனால் அந்த ஓசை யாரையும் கொண்டுவரவில்லை. இரண்டு பேர் சம்பாதிக்கும் புறநகர்க் குடும்பம் முல்லையைத் தலைகீழாகத் திருப்பிவிட்டது. குரோம்பேட்டைப் படிக்கட்டின் அடியில் ஒரு கால் ஊன்றி நிற்கும் பைக்காரர் அந்தத் திருப்பத்தின் பிரஜை.

இதன் முழுக் கனம் பின்பாதியில்தான் இறங்குகிறது. கணவனைத் தவறாகப் புரிந்துகொண்ட சக்தி உண்மை தெரிந்ததும் அவனிடம் விரைகிறாள். வழியில் விபத்து. ஆக, தொடக்கப் பாட்டு நடந்த வேளையில் இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் ஓடிக்கொண்டிருந்தார்கள். எந்த வணிகப் படமும் இதை இணைவெட்டில் காட்டியிருக்கும்: அவன், அவள், அவன், அவள், மோதல். அப்படிக் காட்டியிருந்தால் அது ஒரு சோகக் காட்சி, அவ்வளவுதான். மணிரத்னம் ஒரு பாதியை முதல் ரீலிலும் மறுபாதியை ஒரு மணி நேரத்துக்கும் மேல் தள்ளியும் வைக்கிறார். இரண்டையும் ஒட்டும் வேலை நம் தலைக்குள் நடக்கிறது. அப்போதுதான் அந்தச் சந்தோஷப் பாட்டு நினைவில் திரும்ப வந்து வலிக்கிறது.

வரிசை கொடுக்கும் சலுகை

இதுவரை சொன்னது பாராட்டு. இந்தத் தொடக்கம் நம்மிடமிருந்து சத்தமில்லாமல் ஒன்றை வாங்கிக்கொள்கிறது, அதையும் சொல்ல வேண்டும்.

முன்பாதியில் கார்த்திக் சக்தியை ரயிலில் பின்தொடர்கிறான், பேச்சுக் கொடுக்கிறான், விடாமல் வந்து நிற்கிறான். இந்தக் காட்சிகளெல்லாம், மனைவியைக் காணாமல் அவன் தேடும் அந்த இரவின் நடுவே, நினைவுகளாக வருகின்றன. இந்த இரட்டைத் தடப் படத்தொகுப்பு படத்தின் பெருமைகளில் ஒன்று. ஒவ்வொரு குறும்புக் காட்சியின் அடியிலும் ‘அவள் இப்போது எங்கே?’ என்ற கேள்வி ஓடுகிறது. சிரிக்கும்போதே கொஞ்சம் பயம் கலந்துகொள்கிறது.

அதே வரிசை இன்னொரு பயத்தை எடுத்தும் விடுகிறது. நாம் அவனை முதலில் கணவனாகச் சந்தித்துவிட்டோம். மனைவி வரவில்லை என்றதும் பதறுகிற நல்ல கணவன். எனவே முன்கதையில் அவன் அவளைத் துரத்தும்போது, அவள் சம்மதித்தாளா என்ற கேள்வி நமக்கு எழுவதே இல்லை. விடை முன்னாலேயே நம் கையில் கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சமயத்தில் அவளிடம் அந்த விடை இல்லை என்பதை மறந்துவிடுகிறோம். கதையைக் காலவரிசையில் சொல்லிப் பாருங்கள்: ஒரே தடத்தில் தினமும் போகும் ஒரு பெண்ணை, முன்பின் அறிமுகம் அதிகமில்லாத ஒருவன் வண்டி வண்டியாகத் தேடி வருகிறான். அந்தக் காட்சிகளின் நிறமே மாறிவிடும்.

இந்தத் தடத்தில் அது வெறும் அனுமானம் இல்லை. 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் நிலையத்தில், காலை வண்டிக்குக் காத்திருந்த இளம்பெண் ஒருவர் நடைமேடையிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். 2022 அக்டோபரில் பரங்கிமலை நிலையத்தில், ஒரு கல்லூரி மாணவியைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்துவந்தவன் ஓடும் ரயிலின் முன்னால் தள்ளிக் கொன்றான். ஒரு படத்தின் மேல் இவற்றைச் சுமத்த முடியாது, சுமத்தவும் கூடாது. ஆனால் ஒரே பெட்டி, ஒரே நேரம், ஒரே முகம் என்று காதலுக்கு வசதி செய்து கொடுத்த அதே வழக்கம், ஒரு பெண்ணை எங்கே எப்போது பிடிக்கலாம் என்பதையும் சொல்லிக் கொடுக்கிறது. காதல் நகைச்சுவை இந்த இரண்டாவது பொருளை வெளியே நிறுத்தித்தான் சிரிப்பைக் காப்பாற்றுகிறது. ‘அலைபாயுதே’ அதைத் தன் முதல் காட்சியின் இடத்தைக் கொண்டே சாதித்துக்கொள்கிறது. தொழில்நுட்பம் நடுநிலையானது இல்லை என்பதற்கு இதைவிட நல்ல பாடம் திரைக்கலை வகுப்பில் கிடைக்காது.

செல்போன் வந்த பிறகு

இன்றைக்கு இந்தத் தொடக்கத்தை இப்படியே எடுக்க முடியாது. 2000-இல் செல்போன் எல்லோர் கையிலும் இல்லை. ஒருவர் வரவில்லை என்றால் வரவில்லைதான், தேடி அலைய வேண்டும். இப்போது இரண்டாவது வண்டிக்குள் போன் அடித்துவிடுவார்கள், லொகேஷன் பார்த்துவிடுவார்கள். காத்திருப்பின் இடத்தைக் கண்காணிப்பு பிடித்துக்கொண்டது. பிரதீப் ரங்கநாதனின் ‘லவ் டுடே’ (2022) அந்த மாற்றத்தைத்தான் கதையாக்கியது: காதலர்கள் ஒருநாள் போனை மாற்றிக்கொள்கிறார்கள். அதன் தொடக்கத்தில் ரயிலும் இல்லை, பைக்கும் இல்லை. ஒரு சிறுவன் மாங்கொட்டையை நட்டுவிட்டு, முளைத்துவிட்டதா என்று தோண்டித் தோண்டிப் பார்க்கிறான். பொறுமையாக இரு, நம்பு என்பதுதான் அவனுக்குக் கிடைக்கும் பாடம். அதுவும் ‘இருத்தல்’ பற்றிய காட்சிதான். ஆனால் அங்கே இருத்தல் என்பது கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றாகிவிட்டது. தாம்பரம் வண்டிக்குக் காத்திருந்தவர்களுக்கு அதை யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை, வேறு வழியே கிடையாது.

போன வாரம் அந்தக் குரோம்பேட்டை நிலைய வாசலில் நின்றபோது கடைசியாக ஒரு பைக் மிஞ்சியது. வண்டி போய் நான்கைந்து நிமிடம் ஆகியிருக்கும். அவர் போனை எடுத்தார், ஒரு எண்ணைத் தொட்டார், காதில் வைத்தார். மறுமுனை எடுக்கவில்லை போல. போனைப் பையில் போட்டுக்கொண்டு படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வண்டியின் ஓசை பல்லாவரம் பக்கமிருந்து கேட்டது. கண்ணாடியில் தொங்கிய ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார்.